சாவு வீட்டுக்குக் கேட்ட கார்

மூன்றாம் வகுப்போடு ரப்பர்த் தோட்டப் பள்ளியை விட்டவன் நான். பால்மரம் வெட்டினேன், லாரியில் மூட்டை ஏற்றினேன், பிறகு லாரிகளையே வாங்கினேன். ஈப்போவில் பழைய இரும்பு வியாபாரத்தில் என்னை அசைக்க ஆள் இல்லை. என் வெள்ளைக் காரின் பின்கண்ணாடி முழுக்க ஒட்டிய படத்தில் முனியாண்டி சாமி அரிவாளோடு நிற்பார். அடியில் எங்கள் தோட்டத்தின் பெயர். அது யார் கார் என்று புந்தோங் வட்டாரத்தில் எவனும் கேட்கவேண்டியதில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். சாவு என்று ஒருவன் வந்து நின்றால், வண்டி வைத்திருப்பவன் கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுப்பான். ரப்பரை அழித்துச் செம்பனை நடுகிறவன் கைக்குத் தோட்டம் போய் நாங்கள் சிதறிய பிறகும் அது மாறவில்லை.

ஒரு நாள் காலை, தோட்டத்து லய வீடுகளில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவன் வந்தான்.

"அண்ணே, தெலுக் இந்தான்ல சித்தப்பா தவறிட்டாரு. காரு வேணும்ணே."

"எடுத்துக்கோ லா. போற வழியில மாலை வாங்கு, வெறுங்கையோட போய் நிக்காத."

மத்தியானம் அண்ணன் தம்பி இருவர் பாராங் கத்தியோடு என் இரும்புக் கடைக்குள் நுழைந்தார்கள். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய கடைசித் தம்பியை, என் காரில் வந்தவன் கழுத்தில் வெட்டிவிட்டு அதே காரில் ஓடியிருக்கிறான்.

"முனியாண்டி படத்த ஊரே பார்த்திருக்கு. ஆளு அனுப்பியா வெட்டுற கெழவா?"

"வெட்டணும்னா நானே வருவேன் டா! எனக்கு எதுக்கு ஆளு?"

பதிலுக்கு வெட்டு விழுந்தது. இடது கையால் தடுத்தேன். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வலது கையில் டயர் கழற்றும் ஸ்பானர் இருந்தது. மூத்தவன் முழங்காலில் இறக்கினேன், முட்டி நொறுங்கியது. இளையவன் என்னை இரும்புக் குவியலில் தள்ளி, விலா ஒடியும்வரை மிதித்தான். வேலையாட்கள் வந்து பிரிக்காவிட்டால் அவனையும் முடித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்ததும் கட்டிலோடு விலங்கு மாட்டினார்கள். போலீஸ் அதிகாரி நம்மவர், தமிழர்தான்.

"காரு யாரு பேர்ல?"

"என் பேர்ல."

"சாவி?"

"நான்தான் குடுத்தேன். சாவுக்குன்னு கேட்டான்."

"எந்தச் சாவு? சித்தப்பா தெலுக் இந்தான் மார்க்கெட்ல மீன் வித்துக்கிட்டு இருக்காரு." குரலை இறக்கினார். "வெட்டுப்பட்டவன்தான் இப்ப செத்துட்டான். கொலைக் கேசு பெரியவரே. தெரிஞ்சு குடுத்திருந்தா தூக்குக் கயிறு வரைக்கும் போகும்."

தெரியாமல்தான் கொடுத்தேன் என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

சாவி வாங்கிப் போனவனை, லூமுட் துறைமுகத்தில் படகுக்கு நின்றபோது பிடித்தார்கள். வாக்குமூலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "அந்தக் கெழவன்கிட்ட சாவுன்னா போதும், யாரு எவருன்னு கேக்கமாட்டான்." அவன் செய்த கேலிதான் என் விலங்கைக் கழற்றியது.

கார் இன்னும் போலீஸ் நிலையத்து வெயிலில் சாட்சிப் பொருளாகக் கிடக்கிறது. முனியாண்டி உரிகிறார். என் இடது கை விரல்கள் மடங்குவதில்லை.

சாவு என்று வந்தவர்களை இப்போதும் நான் திருப்பி அனுப்புவதில்லை. வேறொரு காரில் அவர்களை ஏற்றி, ஒற்றைக் கையால் நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். பிணத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இன்ஜினை அணைப்பேன்.