கறுப்புத் தொட்டி, வெள்ளைத் தொட்டி

மீனுக்கு நிறம் எப்படி வருகிறது என்று பார்ப்பது சுலபம். அதை நிதி கொடுத்தவர்களுக்குப் புரியவைப்பதுதான் பிழைப்பு.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் அந்தப் பிழைப்பைத்தான் நடத்துகிறேன். பாதித் தொட்டிகளுக்குக் கறுப்புத் தாள், மீதிக்கு வெள்ளைத் தாள் ஒட்டி, ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை வளர்க்கிறேன். கறுப்பில் வளர்வது கறுக்கும், வெள்ளையில் வளர்வது வெளுக்கும். கூடவே பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும் என்பது நிதியோடு வந்த நிபந்தனை. திட்டம் இந்த வருடத்தோடு முடிகிறது. ஆய்வுக் குழு வந்து பார்த்து நீட்டித்தால் எனக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். திட்டச் சம்பளத்தில் காலம் தள்ளும் சக பாவிகளுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

ஷேர் ஆட்டோவில் ஒரு விண்ணப்பம்

பண்ணையில் வாங்கிய குஞ்சுகளை ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையோடு மடியில் வைத்துக்கொண்டு வானகரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா. "இன்னாம்மா, ஜிலேபியா? இத்தினூண்டு மீனை வெச்சிகினு இன்னா கொழம்பு வெப்பே?" என்றார். குழம்புக்கு இல்லை, மீன் ஏன் கறுக்கிறது, ஏன் வெளுக்கிறது என்று கண்டுபிடிக்க என்றேன். வகுப்பில் கிடைக்காத கவனத்தோடு கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் உற்சாகம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. நிறமிச் செல்கள் வரை போய்விட்டேன்.

குமணன்சாவடியில் இறங்கி, ஆட்டோ கம்பியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றார். அவர் சொன்னது அன்று முழுக்க என் மனசை விட்டுப் போகவில்லை. "என் பொண்ணைக் கறுப்புன்னு வர்றவன் எல்லாம் வேணான்ட்டுப் போறான். மீனுக்குக் கண்டுபுடிச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லும்மா."

பீரோ சாவி

ஆசிரியர் பயிற்சிக்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. முதலில் பேனர், அப்புறம் பேனருக்கு முன்னால் குரூப் போட்டோ, அதன்பின் டீ. அறிவியல் எல்லாம் அதற்குப் பிறகுதான். டீயோடு கிளம்பிவிடக் கூடாதே என்று சான்றிதழைச் சாயங்காலம் வரை என் கையிலேயே வைத்திருப்பேன்.

ஒருமுறை மீன் செதில் ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே ஒரு சொட்டு பொட்டாசியம் உப்புக் கரைசல் விட்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், விரிந்து கிடக்கும் கறுப்பு நிறமி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் புள்ளியாகிவிடும். ஆவடி குவார்ட்டர்ஸ் பள்ளியிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் பார்த்துவிட்டு, "ஏ, சுருங்குது, சுருங்குது!" என்று கத்தியே விட்டார். அடுத்தவருக்கு இடம் விடவில்லை. இன்னொரு சொட்டு, இன்னொரு செதில் என்று மதியச் சாப்பாட்டையே மறந்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. நாளைக்கே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் சார் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "எங்க ஸ்கூல் மைக்ராஸ்கோப் பீரோவுக்குள்ள இருக்கு மேடம். ஒடஞ்சா யாரு பொறுப்புன்னு சாவியைத் தரவே மாட்டாங்க."

விருந்தாளி வந்த நாள்

ஆய்வுக் குழு வந்த காலை லேப் கதவைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. "நல்லா பளிச்சுன்னு பண்ணிவை" என்று கல்லூரி முதல்வர் முந்தின நாளே உதவியாளர் ஏழுமலையிடம் சொல்லியிருக்கிறார். அவரும் கறுப்புத் தாளைக் கிழித்துப் போட்டு, சுற்றிலும் வெளிர் நீலத் தாள் ஒட்டி, உள்ளே வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருந்தார். கல்யாண மண்டபம் தோற்றது. மீன்களும் அதற்கேற்ப ராத்திரியோடு வெளுத்திருந்தன.

குழுத் தலைவர் இரண்டு வகைத் தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு ஆராய்ச்சி?" சமாளிம்மா என்று முதல்வர் கண்ணைக் காட்டினார். மீனை எப்படிச் சமாளிப்பது? நடந்ததைச் சொல்லிவிட்டேன். டிபன் சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் கையை விட்டுக் கூழாங்கற்களை அள்ளினேன். கறுப்புத் தாள் எல்லாம் குப்பையில். ஏழுமலை ஓடிப்போய் ஹாஸ்டலில் இருந்து கறுப்புக் குப்பைக் கவர்களைக் கொண்டுவந்தார். அவற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு, என் வேலை மீன் கையில் என்று நின்றேன். நல்ல வேளை, அன்று பஜ்ஜி சூடாக இருந்ததால் அவர்கள் நிதானமாகச் சாப்பிட்டார்கள்.

திரும்பி வந்தபோது மீன்கள் நன்றாகவே கறுத்திருந்தன. தலைவர் குழந்தை மாதிரி குனிந்து செல்போனில் வீடியோ எடுத்தார். அவர்கள் கார் ஏறிய பிறகுதான் ஏழுமலைமேல் பாய எனக்கு நேரம் கிடைத்தது. அவர் அசரவில்லை. "மீனு கலர் மாறும்னு எனக்கும் தெரியும் மேடம். ஆளுங்க வர்ற அன்னிக்கே மாறித் தொலைக்கும்னு யாரு கண்டா?"

நீட்டிப்பு வந்துவிட்டது: நான் ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல் தயாரித்த அறிக்கையைத் தலைவர் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை, குப்பைக் கவருக்குள் கறுத்த மீனைத்தான் நம்பினார்.