பரளச்சியில் கரைந்ததாகச் சொன்ன கட்டி

அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கடைசிப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் எங்கள் அருப்புக்கோட்டைத் தெருவில் பெண்கள் அவளை நிறுத்தி, "எத்தன மாசம்?" என்று கேட்டார்கள். சிரித்து மழுப்பிவிட்டு வருவாள். வீட்டுக்குள் வந்ததும் கொசுவத்தைத் தளர்த்திக்கொண்டு மூச்சு வாங்குவாள். முகமும் கையும் வற்றிக்கொண்டே போக, வயிறு மட்டும் ஏறியது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நான் மிஷன் பள்ளியில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்கா வீட்டில்தான் இருந்தேன். அத்தானுக்கு நூல் வியாபாரம். இருவருமாக அவளை மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு எங்களைத் தனியாக அழைத்தார். "கர்ப்பப்பைக்குப் பக்கத்துல சினைப்பைன்னு இருக்கு. அதுல கட்டி. புற்றா இருக்குமோன்னு பயமா இருக்கு. திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"மருந்துல கரையாதாம்மா?" என்றார் அத்தான்.

"கரைக்கிற மருந்து எங்கிட்ட இல்ல. வேற யார்கிட்டயும் இருக்கிறதா எனக்குத் தெரியல. பத்து நாள்ல வாங்க, படுக்கை ஒதுக்கி வைக்கிறேன்."

ஊர் திரும்பிய மறுநாளே நூல் வாங்க வந்த ஒருவர் அத்தானிடம் சொன்னார்: திருச்சுழிப் பக்கம் ஒரு மருந்துக்காரர் இருக்கிறார், பரளச்சியில் ஒருத்திக்கு இதே மாதிரி வயிற்றுக்கட்டியைப் பொடி கொடுத்தே கரைத்துவிட்டார். அத்தானின் முகம் பல நாளைக்குப் பிறகு தெளிந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கத்தி வேண்டாம்டி. இத ஒரு தடவ பாத்துருவோம்."

"அந்தப் பொம்பளையை நான் மொதல்ல பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் எதையும் வாயில வைக்காதே" என்றேன். அத்தானும் தலையாட்டினார். பள்ளிக்கூடம் லீவு. மறுநாள் காலையில் கிளம்பிவிட்டேன்.

பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ் மேடு வந்தால் நின்றுவிடும்; எல்லோரும் இறங்கி நிற்போம், கிளீனர் அடுப்பைக் கிண்டுவான். ஒவ்வொரு தடவையும் பத்து நாளில் எத்தனை போயிற்று என்று கணக்குப் பார்த்தேன். மீதி வழியைக் கரிசல் காட்டு வண்டிப்பாதையில் நடந்து முடித்தேன். அன்று பரளச்சியில் எங்கள் மிஷன் சபையின் உபதேசியார் வீட்டில் தங்கினேன்.

அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வீட்டு வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வயது இருக்கும் பையன் தவழ்ந்துகொண்டிருந்தான். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆமா டீச்சரம்மா, கட்டின்னுதான் எல்லாரும் சொன்னாக. கல்யாணமாகி எட்டு வருசமாப் புள்ள இல்லையா, எனக்கே தெரியல. பொடிய மூணு நாள் தின்னேன். வாந்தி தாங்க முடியாம விட்டுட்டேன். அம்புட்டும் முடிஞ்சு பாத்தா, இந்தா, இவந்தான் அந்தக் கட்டி."

"மருந்துக்காரர்கிட்ட இதச் சொல்லலையா?"

"வயிறு சரியாயிருச்சுன்னு சொல்லிவிட்டோம். புள்ள பொறந்ததப் போயிச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பையனைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. மூன்று நாளோடு அவள் விட்டிருக்காவிட்டால் அந்தப் பையன் இல்லை. ரெட்டியபட்டியிலும் ஒருத்திக்கு அந்தப் பொடியில் குணமானதாக அவள் சொன்னாள். இரண்டு நாள் பஸ்ஸே வரவில்லை. உபதேசியார் வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்து நடந்து, கடைசியில் பருத்தி லோடு ஏற்றிப்போன வண்டியில் இடம் கேட்டு ஏறிக்கொண்டேன்.

ரெட்டியபட்டியில் அந்தப் பெண் இல்லை. அவள் கணவர் மட்டும் இருந்தார். கூலிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"வயிறு வத்துச்சு தாயி. எங்கண்ணால பாத்தேன்."

"எப்ப?"

"மொத வாரம். வயித்தால போயிக்கிட்டே இருந்துச்சு, வயிறும் எறங்குச்சு. கேட்டுருச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன். பொறவு வாய் வெந்து போச்சு. எச்சி ஊத்திக்கிட்டே இருந்துச்சு, கஞ்சி எறங்கல. வயிறு திரும்ப ஏறிருச்சு. மாசி மாசம் போயிட்டா."

"மருந்துக்காரருக்குத் தெரியுமா?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "செத்த பெறகு அங்க எதுக்குப் போறேன்?"

அங்கிருந்து நேராக மருந்துக்காரர் வீட்டுக்குப் போனேன். ஏமாற்றுக்காரனைப் பார்க்கப்போகிறோம் என்று கோபத்தோடு போனேன். ஒல்லியான, அமைதியான மனிதர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பொடியில் என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். குருவுக்குக் கொடுத்த வாக்கு, சொல்லக்கூடாது என்றார். எத்தனை பேருக்குக் குணமானது என்று கேட்டேன். பரளச்சியையும் ரெட்டியபட்டியையும்தான் முதலில் சொன்னார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"எங்கிட்ட யாரும் வந்து சொல்லலையேம்மா. நல்லானவுகதான் வாராக. வராதவுகளும் நல்லாத்தான் இருப்பாகன்னு நெனச்சேன்." பிறகு என் ஊரை விசாரித்தார். சொன்னதும் அவர் முகம் மாறியது. "நூல்க்கடைக்காரரா? அவுக நாலு நாளைக்கு முந்தியே வந்து வாங்கிட்டுப் போனாகளே."

நான் கிளம்பிய அன்றே அத்தான் வேறு வழியாகப் போய் வாங்கி வந்திருக்கிறார். விடைகூடப் பெறாமல் எழுந்து ஓடினேன். அன்றைய பஸ்ஸில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.

வீட்டில் அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நாலு நாளாக வயிற்றால் போய்க் கண்கள் உள்ளே குழிந்திருந்தன; ஆனால் சிரித்தாள். மருந்து தொடங்குமுன் வயிற்றைச் சுற்றி நூல் வைத்து அளந்து முடிச்சுப் போட்டிருந்தாள். அந்த நூலை எடுத்துச் சுற்றிக் காட்டினாள். இரண்டு விரல் நுழைய இடமிருந்தது.

"வத்தியிருக்கு பாருடி."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் நம்ப வேண்டும் போலிருந்தது. பிறகு அவள் உதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் கதவோரம் நின்று கேட்டார். பேச்சு முடிந்ததும் மிச்சப் பொடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நாந்தான் பொறுக்க மாட்டாமப் போயிட்டேன்" என்றார். மூன்றாம் நாள் அதே நூல் வயிற்றைச் சுற்ற எட்டவில்லை.

சொன்ன தேதிக்கு மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா பொடியைப் பார்த்தார், அக்காவின் வாயைப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"சொல்ல மாட்டேங்குறாக."

"பாதரசம் இருக்குன்னு இந்த வாயே சொல்லுது. வேற என்னென்ன இருக்கோ. இந்த உடம்புக்கு மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்க மாட்டாங்க. தேறட்டும்."

தேற மூன்று வாரம் ஆயிற்று. அக்காவுக்கு இரண்டு பல் ஆடி விழுந்தது. ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா, பெரிய கட்டியை எடுத்துவிட்டதாகவும் குடல்மேல் பரவியிருந்ததை எடுக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

"அந்த மூணு வாரம் போகாம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்."

அக்கா அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தாள். அதில் எட்டு மாதம் நன்றாகவே இருந்தாள். சமைத்தாள், மூத்த மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். அந்த நாட்களில் ஒரு பெண் மருந்துக்காரரின் விலாசம் கேட்டு வீட்டுக்கு வந்தாள். அக்காவுக்கு நாலே நாளில் வயிறு வற்றியதாகக் கேள்விப்பட்டாளாம். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், அக்கா கையமர்த்தினாள்.

"வத்துனது தண்ணி தாயி, கட்டி இல்ல" என்று சொல்லி, வாயைத் திறந்து பல் இல்லாத இடத்தைக் காட்டினாள். "மதுரைக்குப் போ. போகும்போது இவளக் கூட்டிக்கிட்டுப் போ."

மறு வாரமே அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இருந்தது வெறும் நீர்க்கட்டி, எடுத்ததும் தேறிவிட்டாள். அக்காவுக்குச் செய்தியைச் சொன்னபோது சந்தோஷப்பட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் முற்றத்தில் இறங்கி, காரணமில்லாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.