என் வண்டியின் ரிவர்ஸ் ஹாரன்

செங்கல்பட்டில் லோடு ஆட்டோவில் தண்ணீர் கேன் போடுகிறேன். சிக்னலை ஒட்டி இருக்கும் ஒரு மெஸ் வாசலுக்குத் தினமும் ரிவர்ஸில்தான் வண்டியை விடுவேன். யாரும் அடிபடக் கூடாதென்று, சத்தமாக 'பீப் பீப்' அடிக்கிற ரிவர்ஸ் ஹாரனை நானே பார்த்து வாங்கி மாட்டியிருந்தேன்.

அந்த சிக்னலில் நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்தால், பார்வையில்லாதவர்களுக்காக 'பீப் பீப்' என்று ஒரு சத்தம் வரும். தினமும் கேட்டும், என் வண்டிச் சத்தமும் அதே மாதிரிதான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

போன மாதம் ஒரு காலை நான் ரிவர்ஸ் எடுத்தபோது, வெள்ளைக் கோலுடன் ஓரமாக நின்றிருந்த ஒருவர் சட்டென்று சாலையில் இறங்கினார். பஸ் வந்துகொண்டிருந்தது. "யோவ், பஸ்ஸு வருதுய்யா!" என்று கத்தியபடி, பக்கத்தில் பூ விற்கும் அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். கோல் மட்டும் பஸ் டயரில் நசுங்கியது.

நான் ஓடிப்போய், "நான் ரிவர்ஸ் எடுக்கறப்போ இன்னா சார், அவ்ளோ அவசரம்?" என்று அதட்டினேன்.

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "சாரி அண்ணாத்த. சிக்னல் சத்தம்னு நெனச்சி எறங்கிட்டேன். உன் வண்டியா அது? தப்பு என்னுதுதான்."

"பரவால்ல சார், வுடுங்க" என்றேன்.

இப்போது சிக்னலைத் தாண்டி நேராக நிறுத்தி, கேன்களைத் தோளில் சுமந்து போகிறேன். மெஸ்காரர் சிரிக்கிறார். அந்தப் பார்வையில்லாதவரை அதன்பின் அங்கே காணவில்லை. என் ஹாரனால் சாக இருந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பெரிய மனதுடன் மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.