குலாபி தின்ற கண்டல்

மொரவாரி என் சின்னம்மா மகள். சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் நாலு. மூத்தவன் ஹம்மூத் துபாய்க்குத் தோணி ஓட்டிப் போனவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். நடு இரண்டும் பால்குடி மறக்குமுன்னே போய்ச் சேர்ந்தன. மிஞ்சியவள் மொரவாரி. அவளைக் கட்டிய ஸாலிம் எனக்கும் மாமன் மகன் முறைதான், வாயில்லாத மனுஷன். அவனுக்கும் சேர்த்து அவள் பேசினாள். அவன் மௌத்தான பிறகும் பேச்சு குறையவில்லை.

பாரசீக வளைகுடாவில் எங்கள் கெஷ்ம் தீவின் வடகரையில் எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே உப்புத்தண்ணீரிலேயே வளரும் கண்டல் காடு நிற்கிறது. ஊருக்கு நேரே மட்டும் பல் விழுந்த வாய்போல ஓர் இடைவெளி, வெறும் சேறு. குளிர்காலத்தில் வாடைக்காற்றும் பெரிய கடலேற்றமும் சேர்ந்தால் கடல் அந்த இடைவெளி வழியாகத்தான் ஊருக்குள் வரும். வருஷத்துக்கு வருஷம் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. கடைசியில் மழைத்தொட்டியின் படிவரைக்கும் வந்தது. அந்தத் தொட்டியை எங்கள் பாட்டனாரின் அண்ணன் கட்டினார். மேலே குவிமாடம், உள்ளே மழைத்தண்ணீர். குழாய்த் தண்ணீர் வரும், வராது. வந்தாலும் டீ போட்டால் கரிக்கும். அந்தத் தொட்டியில் ஒரு தடவை கடல் புகுந்தால் ஊர் குடிக்கும் தண்ணீருக்கு லாரியைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். டீ குடித்தார்கள். மேலிடத்துக்குச் சொல்லிப் பார்ப்போம் என்றார்கள். மறுபடி டீ குடித்தார்கள்.

மொரவாரி கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். கோடை முடிவில் கண்டல் காய்கள் உதிர்ந்து தண்ணீரில் மிதக்கும். அள்ளி வந்து கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, தோல் கழன்றதும் சேற்றில் ஊன்றினாள். முட்டளவு சேற்றில், எங்கள் பெண்கள் போடும் முகமூடியைக் கழற்றாமல், கடல் வற்றுகிற நேரம் பார்த்துப் பார்த்து ஒரு வருஷம் முழுவதும் உழைத்தாள். கன்றுகள் நாலு இலை விட்டன.

குலாபி வந்து தின்றுவிட்டது.

குலாபி யாரோ ஒருத்தர் வீட்டு ஒட்டகம் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மொரவாரி தன் மகள் ஷரீஃபாவைக் கலந்தரின் மகன் யூனுஸுக்குக் கட்டிக்கொடுத்தபோது கூடவே அனுப்பிய கல்யாண ஒட்டகம் அது. மணப்பெண்ணைச் சுமந்து போன ஒட்டகத்தை எங்கள் பக்கத்தில் அடிக்கமாட்டோம், கட்டமாட்டோம், விற்கமாட்டோம். அது தலைநிமிர்ந்து சுற்றினால் பெண்ணும் தலைநிமிர்ந்து இருக்கிறாள் என்று அர்த்தம். ஆகவே குலாபி ராணிபோலச் சுற்றியது. ஊரின் மற்ற ஒட்டகங்கள் அதன் பின்னாலேயே போயின.

மொரவாரி கலந்தர் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"சம்பந்தி, உங்க குலாபி என் கன்னையெல்லாம் மேஞ்சிட்டா."

"எங்க குலாபியா? நீங்க குடுத்தவதானே?"

"குடுத்தப்ப வீட்டோட நின்னு தின்னுக்கிட்டுக் கிடந்தா."

"அப்ப படகுல போயி கண்டல் கிளை வெட்டிட்டு வந்து போட்டோம். இப்ப காட்டுல கத்தியை எடுத்தா காவக்காரன் படகைப் புடுங்குறான். நான் என்ன பண்ண, எறாச் சோறு ஆக்கிப் போடவா?"

"கட்டி வையுங்க."

கலந்தரின் மனைவி கனீஸ் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "அல்லாவே! கல்யாண ஒட்டகத்தைக் கட்டச் சொல்ற தாயை இந்த ஊரு கண்டிருக்கா? மதினி, ஒம் மகளை என்னன்னு பேசுவாங்க?"

மொரவாரி திரும்பி வந்து மறுபடி ஊன்றினாள். ஈச்ச மட்டையில் வேலி கட்டினாள். ஏற்றம் வந்து வேலியைத் தூக்கிக்கொண்டு போனது. பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டினாள். அதில் நாலு மடவை மீனும் குலாபியின் பின்னங்காலும் சிக்கின. ஊரே சேற்றில் இறங்கி வலையை அறுத்தது. கனீஸ் மாரில் அடித்துக்கொண்டாள். கன்று போனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. குலாபியின் கால் எப்படி இருக்கிறது என்றுதான் மொரவாரியிடமே வந்து விசாரித்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. மிதிக்கிறதுக்குத் தோதா இருக்கு" என்றாள் அவள்.

அதற்கடுத்த முறை குலாபி சேற்றில் இறங்கியபோது மொரவாரி கத்தவில்லை. ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழத்தை முன்னால் நீட்டி, பின்னாலேயே நடக்கவைத்துத் தன் முற்றத்துக்குக் கூட்டி வந்தாள். பழத்தோடு தவிடும் கொட்டினாள். கலந்தருக்கு ஆள் அனுப்பினாள்: குலாபி வந்திருக்கிறாள், வந்து அழைத்துப் போங்கள்.

இதைக் கேட்டதும் எனக்கே சிரிப்பு அடங்கவில்லை. கல்யாண ஒட்டகம் தாய்வீட்டு வாசலுக்கு வந்தால், பெண் சொல்ல முடியாத குறையைச் சொல்ல வந்திருக்கிறது என்று பொருள். மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு, ஹல்வாவோடு வந்து, குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அழைத்துப்போக வேண்டும். வராவிட்டால் குறை உண்மை என்றாகிவிடும்.

கலந்தர் வந்தார். முகம் கறுத்திருந்தது. தம்பி மக்கள் மேளம் தட்டினார்கள், தட்டிக்கொண்டே சிரித்தார்கள்.

"அவளா வந்தாளா, நீங்க கூட்டிட்டு வந்தீங்களா?"

"அவ கால்லதான் நடந்து வந்தா, சம்பந்தி. நானா தூக்கிட்டு வர முடியும்?"

மேளத்தோடு போகிற ஊர்வலம் சேற்று வழியில் போகாது. ஊர் தர்காவைச் சுற்றி மேட்டு வழியாகத்தான் போகவேண்டும். குலாபியை அப்படித்தான் அழைத்துப் போனார்கள், வழியெல்லாம் பழம் கொடுத்துக்கொண்டு. இரண்டே நாளில் குலாபி மறுபடி சேற்றில் இறங்கியது. மொரவாரி மறுபடி தட்டை நீட்டினாள். கலந்தர் மறுபடி மேளத்தோடு வந்தார். இப்படியே அந்தக் கோடை முழுக்க நடந்தது. மேளக்காரப் பையன்கள் கலந்தர் கூப்பிடுமுன்பே தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒருநாள் ஷரீஃபா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உம்மா, ஒனக்கு வெக்கமே இல்லியா? கடையில என்னப் பாத்து 'மாமியா அடிச்சாளா, புருஷன் அடிச்சானா'ன்னு கேக்குறாளுவ."

"ரெண்டு பேரும் அடிக்கலன்னு சொல்லு."

"சொன்னா நம்புறாளுவளா? 'பாவம், மறைக்கிறா'ன்னு கண்ணைத் தொடைக்கிறாளுவ. அந்த மனுஷன் எனக்கு டீ போட்டுக் குடுக்குறாரு உம்மா. அவரைப் போயி..."

"டீ போடுறானா? ஒங்க வாப்பா ஒரு நாள் போட்டதில்ல."

"பேச்சை மாத்தாத! அந்த எடத்துல ஏன் மரமே இல்லன்னு எப்பவாச்சும் நெனச்சுப் பாத்தியா? அது ஒட்டகம் காட்டுக்குப் போற வழி. தலைமுறை தலைமுறையா மிதிச்சு மொட்டையாக் கெடக்கு. நீ நடு ரோட்டுல வெதையைப் போட்டுட்டு, நடக்குறவனைத் திட்டுற!"

மொரவாரி எழுந்து வாசல் திரையை விலக்கிச் சேற்றுப் பக்கம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அதே வழியாத்தாண்டி கடலும் வருது. ஒட்டகத்துக்கு வேற வழி இருக்கு. கடலுக்கு வழியே வேணாம்."

"நல்லாப் பேசு" என்று சொல்லிவிட்டு ஷரீஃபா போய்விட்டாள். ரம்ஜானுக்குக்கூட வரவில்லை. மொரவாரி அவளுக்கென்று தோம்ஷி ரொட்டி சுட்டுவைத்து, ஆறிப்போனதும் என் தலையில் கட்டினாள். அந்த மாதம் அவள் வாயில் விழாதவர்கள் ஊரில் யாருமில்லை. சேற்றில் போய் ஊன்றும்போது மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், யாரிடம் என்று தெரியாது.

பெருநாள் கழிந்து ஒரு காலையில் குலாபி கலந்தர் வீட்டிலிருந்து கிளம்பியது. சேற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே மேட்டு வழியாக, தர்காவைச் சுற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே மொரவாரி வாசலில் வந்து நின்று கனைத்தது. பேரீச்சம்பழம் வேண்டும். பின்னாலேயே மற்ற ஒட்டகங்களும் வந்தன. தர்காவுக்குப் பின்னால் கெட்டியான மணல் தரை, அங்கிருந்தும் காட்டின் மறுகோடிக்கு இறங்கலாம். அவை அப்படியே இறங்கிப் போயின. இடைவெளிச் சேற்றில் ஒரு கால்தடம் இல்லை.

மொரவாரிக்குச் சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. மறுநாளும் குலாபி வந்தது. அதற்கு மறுநாளும். பழத்தட்டை ஒளித்துவைத்தால் வாசல் திரையைத் தின்றது. இப்போது அது உண்மையிலேயே தானாக வருகிறதல்லவா, கலந்தர் தினமும் மேளத்தோடு வரவேண்டியதாயிற்று.

"ஒரு தப்பும் பண்ணாம தெனமும் மாப்புக் கேக்குற சம்பந்தி இந்தத் தீவுலயே நான் ஒருத்தன்தான்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுல மாவு இல்ல, சக்கரை இல்ல, எல்லாம் ஹல்வாவாப் போயிருச்சு. குறையில்லன்னு நாலு பேரு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லிட்டா நீங்க அவளைப் பழைய வழியிலயே விட்டுருவீங்க. கன்னு இடுப்பளவு வரட்டும், சொல்றேன்."

"இடுப்பளவு வர நான் இருப்பனா?"

இதற்கு முடிவு கட்டியவள் ஷரீஃபா. வெள்ளிக்கிழமை தர்காவில் பெண்கள் கூடியிருந்தபோது நடுவில் போய் நின்றாள். "எம் மாமியா அடிக்கல, எம் புருஷன் அடிக்கல. அந்த ஒட்டகம் ஒரு தின்னிக் கழுதை. பழத்துக்குத்தான் எங்க உம்மா வீட்டுக்குப் போகுது. இனிமே மேளம் எடுக்கிறவன் கையை நானே ஒடைப்பேன்." பிறகு வெளியே வாசலில் நின்ற மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, அது மேட்டு வழியில போகட்டும். சேத்துப் பக்கம் திரும்புனா நான் ஒங்க வீட்டுல சோறு ஆக்க மாட்டேன்." பெண்ணே வாய்திறந்து சொன்ன பிறகு ஒட்டகத்தின் சாட்சியம் செல்லாது. சேற்று வழியின் வாயில் கலந்தர் தன் உடைந்த தோணியைக் குறுக்கே இழுத்துப் போட்டார்.

ஷரீஃபா அன்று தாய்வீட்டுக்கு வந்தாள். வந்தவளிடம் மொரவாரி கேட்ட முதல் கேள்வி, "ஒட்டகத்தை எல்லார் முன்னாலயும் கழுதைன்னு சொல்லலாமா?"

கன்றுகள் பிழைத்தன என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. பாதியைத் தண்டெல்லாம் சிப்பி ஒட்டி மூடிக் கொன்றது. செத்த இடத்திலெல்லாம் மறுபடி ஊன்றினாள், ஒவ்வொன்றையும் திட்டித் திட்டி. நாலாவது குளிர்காலத்தில் முன்வரிசை இடுப்பளவு வந்திருந்தது. அடியில் சேறு கெட்டிப்பட்டு உயர்ந்து, வேர்கள் ஈட்டிபோல நிமிர்ந்து நின்றன.

அந்த வருஷம் வாடைக்காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் ஏற்றத்தில் ஊர் முழுக்க மழைத்தொட்டி அருகே வந்து நின்றது. தண்ணீர் வந்தது. கன்றுகளுக்குள் நுழைந்து, சுழன்று, நுரையும் குப்பையுமாக மெல்ல ஏறியது. தொட்டியின் கீழ்ப்படியைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்று, யோசிப்பதுபோல் தளும்பி, இறங்கத் தொடங்கியது.

கலந்தர் தொட்டிக்குள் வாளியை விட்டு இழுத்தார். கையில் ஏந்திக் குடித்தார். ஒரு வாய் கனீஸுக்குக் கொடுத்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

"இனிக்குது, சம்பந்தி."

மொரவாரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கடல் விட்டுப்போன கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளைக்குக் கிளை பிளாஸ்டிக் பையும் அறுந்த வலையும் சுற்றிக்கொண்டு தொங்கின.

"இனிக்கும், இனிக்கும்" என்றாள். "எல்லாரும் நின்னு வேடிக்கை பாருங்க. அந்தக் குப்பையை எவன் வந்து எடுப்பான்? யூனுஸ்! டீ போட்டது போதும், சேத்துல எறங்கு!"