அறுப்பின் பண்டிகைக்கு நான் ஓட்டிப்போன ஆடு

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஏழு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். பாடத்துக்கென்று படம் போட்ட அட்டைகள் கொடுப்பார்கள். நீல அங்கி போட்ட ஒரு வெள்ளைக்கார மேய்ப்பன் இருப்பான். அவனைச் சுற்றி இப்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவியது போல ஆடுகள் நிற்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொட்டாவி விடும். எங்கள் ஊரில் ஆட்டை அட்டையில் காட்டுவது மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான். ஒருநாள் அட்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, என் வீட்டு ஆட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அதற்கப்புறம் ஒரு பிள்ளை கூட வகுப்புக்கு மட்டம் போடவில்லை.

மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே, சவுக்குத் தோப்பைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். பின்தெருவில் ஒரு வெள்ளாடு குட்டி போட்டுவிட்டு அன்றைக்கே செத்துப்போனது. குட்டியும் பிழைக்காது என்றார்கள். நான் அதை முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்து, என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய பால் புட்டியைத் தேடி எடுத்து, பசும்பால் புகட்டினேன். பிழைத்தது. கடா. பழுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. நான், வீட்டுக்காரர், மகள் மூன்று பேரும் அதற்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டோம். அந்தப் பெயரை எழுத எனக்கு மனசு வரவில்லை.

கடலோரத்தில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் எனக்கு லாண்டரியில் வேலை. சாயங்காலம் கிளம்பும்போது சமையலறையில் கேரட் தோல், முட்டைக்கோஸ் இலை, தர்பூசணி மட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருப்பார்கள். அதைத் தின்று வளர்ந்த ஆட்டுக்கு நாக்கு நீண்டுவிட்டது. புல்லைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கும். ஆட்டுக்கு வந்த வாழ்வைப் பார் என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். அப்போதெல்லாம் அவரும் அதன்மேல் பிரியமாகத்தான் இருந்தார்.

பிள்ளைகளுக்கு நான் சொன்ன பாடங்கள் எல்லாம் வீட்டில் நடந்தவைதான். ஒருமுறை என் மகளின் கணக்கு நோட்டில் பாதியை அது தின்றுவிட்டது. துடைப்பத்தால் நாலு வைத்தேன். பத்து நிமிஷம் கழித்துப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் முதுகில் வந்து தலையால் முட்டிக்கொண்டு நின்றது. மன்னிப்பு என்றால் இதுதான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இன்னொரு விஷயம், வேறு யார் கூப்பிட்டாலும் அது வராது. நான் நாக்கை மடித்து டொக் டொக்கென்று சத்தம் கொடுத்தால் தோப்பின் கடைசியில் இருந்தாலும் ஓடி வரும். ஆண்டவர் கூப்பிட்டால் நாமும் இப்படித்தான் யோசிக்காமல் போக வேண்டும், அவர் கூப்பிடுகிற இடத்தில் கெடுதல் இருக்காது என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் டொக் டொக்கென்று அடித்துப் பழகின. சபைப் பெண்கள், "இவ ஆட்ட வச்சே பரலோகம் போயிடுவா போலகீது" என்று கிண்டல் செய்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தோம். அவள் பிழைத்து வீட்டுக்கு வந்து, தலைமுடி கொட்டியது நின்று, மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஆட்டைக் கர்த்தருக்கென்று பொருத்தனை பண்ணிவிட்டாராம். வருகிற அறுப்பின் பண்டிகையில் செலுத்த வேண்டுமாம்.

என்னைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம் என்று நான் கேட்கவே இல்லை. அந்த ஒன்பது நாளில் என் உயிரைக் கேட்டிருந்தாலும் நானும் நேர்ந்திருப்பேன். ஆனால் அழுகை வந்தது.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றார். "நம்ம ஆட்ட நம்மளே ஏலத்துல எடுத்துக்கினு வந்துடலாம். பணம் சபைக்குப் போவும், ஆடு வூட்டுக்கு வந்துடும். பொருத்தனையும் தீந்துச்சி."

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எங்கள் சபையில் இது வழக்கம்தான். அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தார், பூசணி, நெல் மூட்டை, கோழி, ஆடு என்று அவரவர் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். கொடுத்தவரே விலை ஏற்றித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கமிட்டியில் ஒருவர் தன் வான்கோழியை இரண்டு வருஷம் கொடுத்து, இரண்டு வருஷமும் தானே தூக்கிக்கொண்டு போனார். வான்கோழிக்கு அது சபைச் சுற்றுலா மாதிரி ஆகிவிட்டது. ஆகவே நானும் நிம்மதியானேன். மகளிடம், காலையில் கூட்டிக்கொண்டு போய் மத்தியானம் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்றேன்.

பண்டிகைக் காலையில் அதைக் குளிப்பாட்டினேன். மகள் கழுத்தில் சாமந்தி மாலை கட்டினாள். வீட்டுக்காரர் கையில் கயிற்றைக் கொடுத்தேன், ஆடு நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகரவில்லை. கடைசியில் நான்தான் முன்னால் நடந்தேன். கயிறு தொய்ந்தபடியே அது பின்னால் வந்தது. கோயில் வாசலில் யாரோ படைக்கக் கொண்டுவந்த முருங்கைக்கீரைக் கட்டில் ஒரு வாய் கடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆராதனை முடிகிற வரைக்கும் வேப்பமரத்தில் கட்டிப்போட்டிருந்தேன்.

ஏலம் வெளியே பந்தலில் நடந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆட்டை முன்னால் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு ஆண்கள் இழுத்தும் வரவில்லை. மைக்கில் இருந்தவர் என்னைப் பார்த்து, "யம்மா, நீயே வந்து கூப்புடு" என்றார். நான் போய் நாக்கைத் தட்டினேன். அத்தனை கூட்டத்தையும் வகுந்துகொண்டு நேராக என் காலடியில் வந்து நின்றது. என் வகுப்புப் பிள்ளைகள் கை தட்டின. நான் கயிற்றை மேசைக் காலில் கட்டிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். சபைச் செயலாளர் தூக்கினார். இவர் மறுபடியும் தூக்கினார். செயலாளர் மறுபடியும். அதற்கப்புறம் இவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். யாராவது கூப்பிட்டிருப்பார்கள், பார்த்துவிட்டுத் தூக்குவார் என்று நினைத்தேன். ஒரு தரம் என்றார்கள். அவர் தலை நிமிரவில்லை. ரெண்டு தரம் என்றார்கள். நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கலாம். மூணு தரம். மேசையில் தட்டியாயிற்று.

செயலாளருக்கு நான்கு வேன்கள் ஓடுகின்றன. கல்பாக்கம் பக்கத்திலிருந்து நாவலூர் ஆபீஸ்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற வேன்கள். அதில் ஒன்றைத்தான் என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் என் புத்தியில் அது உறைக்கவில்லை.

ஆட்டை லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். மகள் விளையாடப் போயிருந்தாள், நல்லவேளை. நான் கோயிலுக்குள் போய் ஜமுக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டேன். அது போனதை நான் பார்க்கவில்லை என்று வீட்டில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்.

"முந்தாநாளு வண்டி சாவி வாங்கசொல்லவே கேட்டாரு. புள்ளைக்கு நிச்சயதார்த்தம், நல்ல ஆடு, ஏலத்துல எனக்கு உட்டுடுன்னாரு. நான் இன்னா சொல்றது? அவுரு வண்டி ஓட்டிகினு அவுருக்கே முடியாதுன்றதா?"

"அப்ப ரெண்டு வாட்டி கைய எதுக்குத் தூக்கின?"

சட்டையை ஆணியில் மாட்டி முடித்தார். பிறகு, "நீ பாத்துகினு இருந்தியே" என்றார்.

பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். குடித்துவிட்டு வந்து பொய் சொல்லியிருக்கிறார், அதை நான் மறந்துவிட்டேன். இதை என்னால் மறக்க முடியவில்லை. எனக்காக மட்டும் இரண்டு முறை கை தூக்கியிருக்கிறார். ஆடு போனதை விட அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் ஏதேதோ திட்டினேன். துரோகி என்று கூடச் சொன்னேன். கதவுவரை போனவர் திரும்பி நின்று, "நீயும் அங்கதான இருந்த? உனக்குக் கை இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மகளிடம் வேறு குட்டி வாங்கித் தருகிறேன் என்றாராம். அவள் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. போதகரிடம் போய் நியாயம் கேட்டேன். "கர்த்தருக்குக் கொடுத்தத திரும்பிப் பாக்கக் கூடாதும்மா" என்றார். வான்கோழியைத் திரும்பிப் பார்த்தவரை மட்டும் ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். ஜெபம் பண்ணிக்கொள்ளச் சொன்னார். நிச்சயதார்த்தத்தன்று செயலாளர் வீட்டிலிருந்து ஒரு தூக்கில் பிரியாணி வந்தது. மரியாதைக்காக அனுப்பியிருக்கிறார்கள், அவர்களுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. நான் திறக்காமல் வாசலில் வைத்தேன். என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் நின்று தின்றார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வேதத்தில் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதை உண்டு. அவன் சாப்பிட்டதில் சாப்பிட்டு, அவன் மடியில் படுத்து வளர்ந்த ஒரே குட்டி. பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது தன் மந்தையில் கை வைக்காமல் அந்த ஒற்றைக் குட்டியைப் பிடித்துச் சமைத்துப் போட்டான். அந்த வாரம் முழுவதும் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே அந்தக் கதையைச் செயலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பழகினேன். நன்றாகவே வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இடறியது. கதையில் அந்த ஏழை தன் குட்டியைத் தானே கூப்பிட்டுக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வரவில்லை.

கையைப் பற்றியும் யோசித்தேன். பெண்கள் ஏலத்தில் கை தூக்கக் கூடாது என்று எங்கள் சபையில் சட்டம் இல்லை. பூசணிக்கும் கேக்குக்கும் தூக்குகிறோம். என் சம்பளம் என் பெயரில்தான் பாங்கில் விழுகிறது. ஆனால் ஆண்கள் பக்கம் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கும்போது அவர் விட்டதை நான் எடுத்தால், பொண்டாட்டி சொல்லுக்கு ஆடுகிறவன் என்று ஊர் பேசும். அதற்காக உட்கார்ந்திருந்தேன். அவர் செய்தது சாவி கொடுக்கிறவருக்குப் பயந்து. நான் செய்தது பேச்சுக்குப் பயந்து. அவர்மேல் எனக்கு இருக்கும் கோபம் இதனால் குறையவில்லை. இன்றைக்கும் டீ போட்டு டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறேன், கையில் கொடுப்பதில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். போனேன். பிள்ளைகளுக்கு ஆடு போன விஷயம் தெரிந்திருந்தது, எப்படிப் போனது என்று தெரியவில்லை. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, எனக்கு அவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன சீஷனைப் பற்றிப் பாடம் எடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை, ஆண்டவரை நேசித்தவர்தான், அங்கே முற்றத்தில் நெருப்பு காய்ந்துகொண்டிருந்தவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்துவிட்டார் என்றேன். பிறகு, மைக்கில் மூணு தரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். அப்படிச் சொல்லவேண்டும் என்று வீட்டில் நினைத்து வரவில்லை.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "நீங்க யாருக்கு டீச்சர் பயந்தீங்க?" என்று கேட்டாள்.

"உங்க அம்மா அப்பாங்களுக்குத்தான்" என்றேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. சீஷன் மூன்றாம் முறை சொன்னதும் ஆண்டவர் திரும்பி அவரைப் பார்த்தார், அவர் வெளியே போய் அழுதார் என்று சொல்லிப் பாடத்தை முடிக்கப் பார்த்தேன். அந்தச் சிறுமி விடவில்லை.

"ஆடு உங்களத் திரும்பிப் பாத்துச்சா டீச்சர்?"

பண்டிகையன்று ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த எனக்கு ஜன்னல் வழியாக லோடு ஆட்டோ முழுசாகத் தெரிந்தது. அதை அதுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை.

"பாத்துச்சி" என்றேன்.

"கோவமாவா?"

"இல்ல" என்றேன். "நான் வந்து அவுத்து வுடுவேன்னு பாத்துச்சி."