படிக்காமல் கொடுத்த கைப்பிரதி

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு ஒரு தாள் கொடுத்தேன். இன்று காலை அதற்காக ஒரு போன் வந்தது.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

(பேர், கட்டில் நம்பர் எதுவும் கிடையாது. கமெண்டில் கேட்காதீர்கள்.)

அன்று காலை ஆராதனையில் மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகார வசனம். உலகமெங்கும் போய் எல்லாருக்கும் நற்செய்தி சொல்லுங்கள் என்று இயேசு சொன்னது. ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு வருகிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் பாஸ்டர் ஐயா. முதல் கை என்னுடையதுதான்!

(வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மத்தியானச் சமையல் அவர் தலையில் விழுந்தது.)

ராஜபாளையத்திலிருந்து நான்கு பேர் பஸ் ஏறினோம். கையில் கைப்பிரதிக் கட்டுகள், நற்செய்தி அச்சடித்த ஒற்றைத் தாள்கள், கட்டுக்கு ஒரு விதம். ஆண்கள் வார்டு எனக்கு. பார்வையாளர் நேரம் முடிவதற்குள் எல்லாக் கட்டிலுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரே ஓட்டம்.

பாதி வார்டில் ஒரு கட்டு தீர்ந்தது. அடுத்த கட்டைப் பிரித்தேன். என்ன தாள் என்று பார்க்கவில்லை.

அடுத்த கட்டிலில் தேவதானம் கிராமத்துக்காரர் ஒருவர். வயசு அறுபதுக்குள். பக்கத்தில் அவர் மனைவி.

"சாமி தாள்தான? குடும்மா. எனக்குப் படிக்கத் தெரியாது, அவிய நல்லாப் படிப்பாவ" என்று அந்த அக்காவே சந்தோஷமாக வாங்கி அவர் கையில் கொடுத்தார்.

அவர் சத்தமாகப் படித்தார்.

"இன்று உங்கள் கடைசி நாளானால்?"

என் கையிலிருந்த கட்டைப் பார்த்தேன், எல்லாம் அதே தாள்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். "ஏய்யா, உனக்கும் இதேதானா?"

பக்கத்துக் கட்டில்காரர் தன் தாளைக் காட்டினார். "மனநிம்மதி வேண்டுமா?" என்று போட்டிருந்தது.

"எனக்கு மட்டும் வேற மாதிரில்ல குடுத்திருக்க! ஒனக்கு யாரும்மா சொன்னா?"

"ஐயோ அண்ணாச்சி, யாரும் சொல்லலை. கட்டு மாறிப்போச்சு. அம்புட்டுதான்."

அவர் நம்பவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, மதுரையில டாக்டர் என்னதான் சொன்னாரு? குடல் புண்ணுன்னுதான சொன்ன?"

அந்த அக்கா பிளாஸ்க் மூடியைக் கழற்றினார், மூடினார், மறுபடி கழற்றினார்.  அதிலேயே அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது.

வராண்டாவுக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்துதான் அந்த அக்கா அழுதார். வயிற்றில் புற்றுநோயாம். இனி வைத்தியம் இல்லை என்று மதுரையில் சொல்லிவிட்டார்களாம். இங்கே வலிக்கு ஊசி போடத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

"நடவுக்குள்ள எந்திரிச்சிருவேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாவ. மூணு மாசமா பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். ஒரு தாளைக் குடுத்துக் கெடுத்துப்புட்டியேம்மா!"

"ஜெபம் பண்றேன்க்கா" என்றேன்.

(வேறு எதுவும் சொல்லத் தெரியாதபோது நாங்கள் சொல்வது அது.)

உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார்.

"ஜெபமெல்லாம் இருக்கட்டும். நீ ராசபாளையந்தான?"

"ஆமா அண்ணாச்சி."

"ஊரெல்லாம் போய்ச் சொல்லுதீகள்ல. எனக்காக ஒரு வீட்ல போய்ச் சொல்லுவியா?"

என் பேனாவை வாங்கி, அதே தாளின் பின்பக்கத்தில் ஒரு முகவரி எழுதினார். மகள் வீடு. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை.

"என்ன சொல்லணும் அண்ணாச்சி?"

"அப்பன் கெடக்கான்னு சொல்லு. வரச் சொல்லாத. சொல்லு, போதும்."

அந்த அக்காவிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.  நாற்பது கட்டிலுக்கு ஓடி ஓடிக் கொடுத்தவளுக்கு, ஒரு வீட்டுக் கதவைத் தட்டக் கை வரவில்லை.

தட்டினேன். மகள்தான் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளில் தொங்கிய பைபிள் பையைத்தான் பார்த்தாள்.

"நாங்க சர்ச்சுக்கெல்லாம் வாறதில்லக்கா."

கதவைச் சாத்திவிட்டாள்!

அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் பழக்கிய பழக்கம் அது. வாயைத் திறந்தால் அவரவர் கதையைக் கேட்காமல் நம்ம கதையைத்தானே சொல்லுவோம்?

ஜன்னல் கம்பி வழியாகத் தாளை நீட்டினேன். முகவரி எழுதிய பக்கம் மேலே இருக்கும்படி.

உள்ளேயிருந்து ஒரு கை அதை வாங்கியது. அப்புறம் கதவு திறந்தது.

"இது எங்கப்பா எழுத்துல்லா?"

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவள் தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் படித்தாள். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெசமாவே கடைசி நாளாக்கா?"

"தெரியலைம்மா. ரொம்ப நாள் இல்லன்னு மட்டும் தெரியும்."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். புதன்கிழமை மதியம் அவர் கண்ணை மூடினார். நடுவில் இரண்டு நாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை.

இன்று காலை போன் செய்தது அந்த அக்கா.

"அந்தத் தாளுக்கு ஒன்னைய நான் மன்னிக்க மாட்டேன்மா. சாகப்போறோம்னு தெரிஞ்சுதான் போனாவ. அதை நீதான் செஞ்ச."

மூச்சு வாங்கிக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"ஆனா கொள்ளி வைக்கங்காட்டியும் எம்பிள்ளை வந்துட்டா. அதையும் நீதான் செஞ்ச. நல்லாரு."

ஆமென் என்று சொல்ல வாய் வரவில்லை. சரிக்கா என்றேன்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மறுபடி வார்டுக்குப் போகிறோம். மிச்சக் கட்டு என் பையில்தான் இருக்கிறது, இன்றைக்கு உட்கார்ந்து முழுதும் படித்தேன். முதல் தடவையாக!

என்னோடு ஊழியத்துக்கு வருகிறவர்களே, உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?