அக்கரைப் பாட்டும் ஆக்சிஜன் மெஷினும்

என் மனைவியின் நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கருவடிக்குப்பத்து வாடகை வீட்டின் முன்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினை வைத்தேன். அதுவும் வாடகைதான். கரண்டில் ஓடும். அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக அவள் மூக்குக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ரேடியோ. கடலுக்கு அக்கரையிலிருந்து சாயங்காலத்தில் மீடியம் வேவில் வரும் தமிழ்ப் பாட்டு. காரைக்காலில் பாவாடை சட்டை போட்ட வயதில் கேட்டது.

"பாட்டுதானே, போன்ல போடறேன்" என்றேன்.

"போன்ல நாம கேக்குற பாட்டு வரும். அதுல அவங்க போடற பாட்டு வரும். அடுத்து இன்னா வரும்னு தெரியாம படுத்துக் கெடக்கணுங்க எனக்கு" என்றாள்.

அடுத்து என்ன வரும் என்று நன்றாகத் தெரிந்தவள் இதைச் சொன்னாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பரண்மேல் கிடந்த டிரான்சிஸ்டரை இறக்கி பேட்டரி போட்டால், பாட்டு வரவில்லை. கர்ர் என்று மாவு மில் ஓடுகிற சத்தம்தான் வந்தது. எனக்குக் கோபம் மூக்குநுனியில். ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தேன். ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர், என்னோடு நூல் மில்லில் வேலை பார்த்த பழைய கூட்டாளி ஒருவர் வந்து கேட்டுவிட்டு, "ரேடியோவ ஏன்யா அடிக்கிற? கடல் தாண்டி வர்ற பாட்டு தேஞ்சுதான் வரும். ஒன் வீட்டு சாமானெல்லாம் சேர்ந்து அத அமுக்குது" என்றார்.

ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். டியூப்லைட் அணைத்தால் கொஞ்சம் குறைந்தது. போன் சார்ஜரைப் பிடுங்கினால் இன்னும் கொஞ்சம். டிவி பெட்டி, இன்வெர்ட்டர் என்று கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகப் போனது. இவற்றையெல்லாம் நிறுத்திய பிறகும் மேலேயிருந்து ஒரு கர்ர் வந்தது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா. பால்கனி முழுக்க எல்இடி விளக்கு மாட்டி வைத்திருப்பவர். தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன்.

"ஒங்க மதாம் பாட்டு கேக்கணும்னா நான் இருட்டுல உக்காந்துக்கறேன், போங்க" என்றார்.

கூட்டாளி சொன்னபடி, பெரிய மரச்சட்டத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி ஆன்டெனா செய்தேன். "மில்லுல நூல் சுத்தினது போதாதா, ரிட்டேரானப்புறமும் சுத்தணுமா?" என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே கேலி செய்தாள். சட்டத்தை டிரான்சிஸ்டரோடு ஒட்டி வைத்ததும் பாட்டு மேலே வந்தது. ஆனாலும் ஒரு இரைச்சல் மிச்சம். எதனுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மெஷின் பக்கம் திரும்பாமல் கம்பியை இறுக்கிக் கட்டினேன்.

அடுத்த நாள் சாயங்காலம் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். தெருக்கதவிலேயே பாட்டு கேட்டது. அப்பழுக்கில்லாத பாட்டு. என் சட்டம் ஜெயித்துவிட்டது என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். "கேட்டியா, கேட்டியா" என்று உள்ளே நுழைந்த பிறகுதான், பாட்டைத் தவிர அறையில் வேறு சத்தமே இல்லை என்று உறைத்தது. கையெட்டும் தூரத்தில் இருந்த சுவிட்சை அவளே அணைத்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

மெஷினைப் போட்டுவிட்டு, வாயில் வந்தபடி கத்தினேன். பேச்சு திரும்பியதும் சொன்னாள்: "ஒரே பாட்டுங்க. அவ்ளோ பாடுபட்டு செஞ்சீங்க. நல்லா வந்துச்சுன்னு நீங்க ஒரு தடவையாவது சந்தோசப்படணும் இல்ல?"

அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் முன்னால் நான் அழுததில்லை.

மறுநாள் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. சட்டத்தின் முகம் மெஷினை நேராகப் பார்த்தால் இரைச்சல் அடங்குகிறது. பாட்டு நன்றாக வர, சட்டத்தின் விளிம்பு அக்கரை இருக்கும் தெற்கைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவர வேண்டுமானால் மெஷின் சட்டத்துக்கு நேர் மேற்கில் இருக்க வேண்டும். கட்டிலையும் மெஷினையும் மேற்குச் சுவரோரம் தள்ளி, சட்டத்தைக் கிழக்கு ஜன்னலில் வைத்தேன். இரைச்சல் முழுதாகப் போகவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கும் சத்தமாகப் பாட்டுக்கு அடியில் இருந்தது. "இது போதும்" என்றாள். அப்புறம் சுவிட்ச் பக்கம் அவள் கை போகவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டாள். பழைய பாட்டு வந்தால் விரலால் கட்டில் சட்டத்தில் தாளம் போடுவாள். புதுப்பாட்டு வந்தால் முகத்தைச் சுளிப்பாள்.

மழை விட்ட ஒரு காலையில் போய்விட்டாள்.

கருமாதிக்கு முன்பே வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் வந்து மெஷினை எடுத்துப் போனார். எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய அன்று சாயங்காலம், என்னையறியாமல் ரேடியோவைப் போட்டேன். பாட்டு துப்புரவாக வந்தது. சட்டத்தை எப்படித் திருப்பினாலும் ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. இப்படி வர வேண்டும் என்றுதான் அத்தனை பாடுபட்டேன். இப்போது வந்தபோது கேட்க முடியவில்லை. அந்த இரைச்சல்தான் அவள் மூச்சு. அதை அடக்கத்தான் வீட்டை இருட்டாக்கிக் கம்பி சுற்றினேன்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மாடி பால்கனி இருட்டாக இருந்தது. மேலே போனேன். சொல்தா இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"லைட்டப் போட்டுக்குங்க சார்" என்றேன்.

"கீழ ரேடியோ சத்தம் கேக்குதே. நீங்க கேளுங்க" என்றார்.

"கேக்கறேன். அதுக்குத்தான் சொல்றேன், போடுங்க சார்."

அவர் எழுந்து போய் எல்லா விளக்கையும் போட்டார்.

நான் இறங்கி வந்தேன். பாட்டுக்கு அடியில் கர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டத்தின் முகம் மேற்குச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலியை வெறுங்கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒலிபரப்பு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.